பழைய வாகனம் வாங்குமுன்: வண்ணத்துக்கு அடியில் இருக்கும் எண்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் நாக்பூரில் கிளை மேலாளராக இருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் தம்முடைய நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டு வந்தார். தொகை 7 லட்சம் ரூபாய். முதிர்வுக்கு இன்னும் 14 மாதங்கள் இருந்தன. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், தமிழர், ஒரு ரூபாயையும் கணக்கின்றிச் செலவிடாதவர். அத்தகையவர், எவ்வளவு வட்டி குறையும் என்று கூடக் கேளாமல் படிவத்தில் கையெழுத்திட முற்பட்டது எனக்கு வியப்பளித்தது. காரணம் கேட்டேன். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இராணுவப் பச்சை வண்ணத்தில், பானெட்டின் மீது வெள்ளை நட்சத்திரத்துடன் ஒரு ஜீப்.

“1942 வில்லிஸ், சார். அப்பா பர்மா எல்லையில் ஓட்டிய வண்டி. இதே வண்டி அல்ல, இதே வகை.”

அவருடைய தந்தையார் இரண்டாம் உலகப் போரின்போது இந்திய இராணுவத்தில் ஓட்டுநராக இருந்தவர். அத்தகைய ஜீப் ஒன்றின்மேல் சாய்ந்து நின்று அவர் எடுத்துக்கொண்ட படம் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறதாம். ஆறரை லட்சம் ரூபாய்க்கு விலை பேசி, 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்திருந்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “பார்த்தேன் சார். மஹிந்திரா, 1966 என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எல்லா ஜீப்பையும் அப்படித்தான் எழுதுவார்களாம்” என்றார்.

அந்தப் பதில் பாதி உண்மை. பழைய வாகனச் சந்தையில் முழுப் பொய்யைக் காட்டிலும் அதிக இழப்பை உண்டாக்குவது இத்தகைய பாதி உண்மைதான். போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் பொதுமக்கள் கைக்கு வந்தபோது, தயாரிப்பு ஆண்டுக்குப் பதிலாகப் பதிவான ஆண்டே புத்தகத்தில் ஏறியது உண்டு. ஆகவே ஆண்டில் சிறு வேறுபாடு இருந்தால் அதுவே மோசடிக்குச் சான்றாகாது. ஆனால் தயாரிப்பாளர் பெயரே வேறாகவும், ஆண்டு கால் நூற்றாண்டு தள்ளியும் இருக்குமானால், எழுத்தரின் கைப்பிழை என்று கூறி அதனைக் கடந்துவிட இயலாது. வைப்பை அன்று முடிக்க வேண்டாம் என்றும், ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து வண்டியைப் பார்த்து வருவோம் என்றும் சொன்னேன். மேலாளரின் கடமைகளில் இது அடங்காது. பழைய வண்டிகளின்மேல் எனக்கும் ஒரு பித்து உண்டு என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு ஜீப்பை எப்படிப் படிப்பது

1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ் ஓவர்லேண்ட், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே வடிவமைப்பில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான போர்க்கால ஜீப்புகளைத் தயாரித்தன. வில்லிஸ் தயாரித்தது எம்.பி.; ஃபோர்டு தயாரித்தது ஜி.பி.டபிள்யூ. பர்மா போர்முனைக்காக வந்தவற்றுள் பல இந்தியாவிலேயே தங்கிவிட்டன. 1940களின் இறுதியிலிருந்து மஹிந்திரா நிறுவனம் வில்லிஸின் குடிமைப் பயன்பாட்டு ஜீப்புகளை இங்கே பொருத்தி விற்கத் தொடங்கியது, பின்னர் சி.ஜே. 3 பி என்ற வகையை உரிமம் பெற்றுப் பல்லாண்டுகள் தயாரித்தது. இவற்றின் உதிரிப் பாகங்கள் பல ஒன்றுக்கொன்று பொருந்துபவை. மலைத் தோட்டங்களிலும் வயல்களிலும் இந்த வண்டிகள் இத்தனை காலம் ஓடியதற்கு அதுவே காரணம். ஒன்றை மற்றொன்றாக வேடமிட்டு விற்க முடிவதற்கும் அதுவே காரணம்.

கண்ணுக்கு முதலில் தெரியும் வேறுபாடுகள் எளியவை. போர்க்கால ஜீப்பின் முன் கிரில்லில் 9 இடைவெளிகள். குடிமை ஜீப்பில் 7. போர்க்கால வண்டிக்குப் பின்கதவு கிடையாது. ஸ்டெப்னி பின்புறத்தில் தொங்கும். குடிமை வண்டியின் பின்கதவைத் திறந்து சாய்க்கலாம். ஸ்டெப்னி பக்கவாட்டில் இருக்கும். போர்க்கால வண்டியில் பெட்ரோல் ஊற்ற ஓட்டுநரின் இருக்கைத் திண்டைத் தூக்க வேண்டும். இவை யாவும் சரியாக இருந்தால் வண்டி அசல் என்று முடிவு செய்பவர்கள் பலர். என் நண்பரும் அப்படித்தான் முடிவு செய்திருந்தார்.

ஆனால் இவையெல்லாம் வெளித் தகட்டைச் சேர்ந்தவை. தகட்டை எவரும் புதிதாக அடித்துக்கொள்ளலாம். அரியானா, பஞ்சாப் எல்லையில் உள்ள மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் ஜீப் உடல் கட்டுவது ஒரு பெருந்தொழில். அந்தக் கைத்திறனை நான் குறை கூறவில்லை. புதிதாகக் கட்டியதைப் புதிது என்று சொல்லி விற்கும்வரை அதில் பழுது ஏதுமில்லை. அது இரண்டு மூன்று கை மாறி, பழைய ஆர்.சி. ஒன்றோடு இணைந்து, ‘தாத்தா காலத்து வண்டி’ ஆகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. சாலையில் ஓட்டும் வாகனத்தைத் தயாரிப்பாளரின் மூல விவரத்துக்கு மாறாக மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதும் வாங்குபவர் நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

எங்களுடன் இராணுவப் பணிமனையில் நெடுங்காலம் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை, கிரில்லையும் பார்க்கவில்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். வில்லிஸ் எம்.பி. என்றால் சேஸிஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருக்க வேண்டும். ஃபோர்டு என்றால் அது கவிழ்த்து வைத்த தொட்டி வடிவில் இருக்கும். போல்ட்டுகளிலும் சிறு பாகங்களிலும் ஃபோர்டின் முதலெழுத்தான ‘எஃப்’ பொறித்திருக்கும். விற்பவர் வில்லிஸ் என்றார். உருண்டைக் குழாய் இல்லை. ஃபோர்டாக இருக்குமோ என்று பார்த்தால், எந்தப் பாகத்திலும் அந்த எழுத்தும் இல்லை.

அடுத்து எண். எம்.பி. வகையில் சேஸிஸ் எண், முன் பம்பருக்குப் பின்னால் இடப்புறச் சட்டத்தின் உட்பக்கத்தில் ரிவெட் அடித்துப் பொருத்திய சிறு தகட்டில் இருக்கும். ஃபோர்டில் இடப்புறச் சட்டத்தின் மேற்பரப்பிலேயே எண்ணை அடித்திருப்பார்கள். இந்த வண்டியில் தகடு இருந்தது. ஆனால் ரிவெட்டுக்குப் பதிலாகப் புதிய திருகாணிகள் மின்னின. அந்தத் தகட்டிலுள்ள எண் ஆர்.சி.யில் இல்லை. ஆர்.சி.யில் உள்ள எண் சட்டத்தின் வேறோரிடத்தில் குத்தப்பட்டிருந்தது. அந்த எண்ணைச் சுற்றி மட்டும் இரும்பு வழவழப்பாக இருந்தது.

இன்ஜின் ஏறத்தாழச் சரியான வகைதான். தட்டையான தலை, மேலே நான்கு ஸ்பார்க் பிளக்குகள் நேராக நின்றன. சி.ஜே. 3 பி வகையில் வால்வு அமைப்பின் ஒரு பகுதி தலைக்குமேல் ஏறிவிட்டதால் இன்ஜின் உயரமானது. அதற்காகவே பானெட்டையும் உயர்த்தினார்கள். ‘ஹை பானெட்’ என்று ஊர்தோறும் வழங்கும் பெயர் அப்படி வந்தது. எனவே 1966 மஹிந்திரா என்று சொல்லும் ஆர்.சி.யோடு இந்த இன்ஜின் எவ்வகையிலும் பொருந்தவில்லை, எண்ணும் பொருந்தவில்லை. ஒரு வண்டியின் தாள், மற்றொன்றின் இன்ஜின், மூன்றாவது ஒன்றின் சேஸிஸ், நேற்று அடித்த தகடு. மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “இந்த நம்பர் இந்த இரும்பில் பிறந்ததில்லை” என்றார்.

இரும்பும் தாளும்

எந்தப் பழைய வாகனத்துக்கும் இதுவே முறை. இரும்பில் உள்ள எண், தாளில் உள்ள எண், உடலின் அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இன்று உலகெங்கும் வழங்கும் 17 இலக்க வாகன அடையாள எண் முறை வருவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்ணிட்டது. எனவே நீங்கள் வாங்க நினைக்கும் வகைக்கு எண் எங்கே இருக்கும், எத்தனை இலக்கம், முன்னால் எழுத்து வருமா என்பதை அந்த வகையை நன்கறிந்த உரிமையாளர் சங்கத்தாரிடம் கேட்டுக்கொண்டு போவது முதல் வேலை.

சேஸிஸ் எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும் வழக்கத்தை நம்மில் பலர் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பார்த்திருப்போம். அதை நீங்களும் செய்யலாம். கண்ணுக்குப் புலப்படாதவை அச்சில் தெரியும்: ஓர் இலக்கம் மட்டும் ஆழமாக இருப்பது, இரண்டு ‘7’கள் வெவ்வேறு அச்சில் இருப்பது, வரிசை கோணலாவது, அரம் தேய்த்த கீற்றுகள். துருவினால் எண் அழிந்துபோவது பழைய வண்டிகளில் இயல்பே. அப்போது பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று மறுபடி பொறிக்க வழியுண்டு. அவ்வாறு செய்திருந்தால் அதற்குரிய ஆணை விற்பவரிடம் இருக்க வேண்டும். ஆணை இல்லாத மறுபொறிப்பு என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அமிலம் தடவி, தேய்த்து அழித்த எண்ணை மீட்டெடுக்கும் முறை தடயவியல் ஆய்வகங்களில் நெடுங்காலமாக உள்ளது. நாளை அது திருட்டு வண்டி என்று தெரியவந்தால் வண்டியும் போகும், பணமும் போகும், காவல் நிலையத்துக்கு அலையும் வேலை மட்டும் மிஞ்சும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாஹன் சமன்வய்’ சேவையில், ஒரு வண்டி திருடுபோனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று குடிமக்கள் எவரும் பார்க்கலாம்.

தாளைப் பொறுத்தவரை, பழைய ஆர்.சி. புத்தகம் கிடைத்தால் அதனை நாவல் படிப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த ஆண்டில் வண்ணம் மாறியது, எப்போது இன்ஜின் மாற்றம் பதிவானது என்பவை அதில் வரிசையாக இருக்கும். 1989க்கு முற்பட்ட வண்டி என்றால் மூன்று எழுத்துகளோடு கூடிய பழைய எண் இருக்கும்; அந்த எழுத்துகள் எந்த மாநிலத்து எந்த வட்டாரத்துக்குரியவை என்பதை விற்பவர் சொல்லும் கதையோடு ஒப்பிடலாம். சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தலில் இருபது ஆண்டு இடைவெளி இருந்தால், அந்த இருபது ஆண்டும் வண்டி எங்கே இருந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. கொட்டகையில் கிடந்தது என்பது நல்ல பதில்தான். கொட்டகையின் படம் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. பழைய பதிவுகள் கணினியில் ஏறாமல் விடுபட்டிருப்பதும் உண்டு. அப்போது முதலில் பதிந்த அலுவலகத்தின் பதிவேட்டிலிருந்து சான்றிட்ட நகல் பெறும்வரை பணம் கைமாற வேண்டாம்.

வங்கியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆர்.சி.யில் எங்காவது ஹைப்பாதிகேஷன் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய கடன் எப்போதோ அடைந்திருக்கும். ஆனால் குறிப்பை நீக்கியிருக்க மாட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருக்கலாம், மூடப்பட்டும் இருக்கலாம். படிவம் 35இல் அந்த நிறுவனமோ அதன் வாரிசு நிறுவனமோ கையொப்பமிட்டுத் தந்தால்தான் குறிப்பு நீங்கும். இந்த ஒரு கையொப்பத்துக்காக இரண்டு ஆண்டுகள் அலைந்தவர்களை நான் அறிவேன். அந்த அலைச்சல் விற்பவருடையதாக இருக்கட்டும்.

உரிமையாளர் காலமாகி வாரிசுகள் விற்கிறார்கள் என்றால், முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 மூலம் மாற்றி, பிறகே 29, 30 ஆகிய படிவங்கள் வழியாக உங்கள் பெயருக்கு வர வேண்டும். வேறு மாநிலத்து வண்டிக்குப் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று சொன்னால் சுங்கத் துறையின் இறக்குமதி ஆவணத்தைக் கேளுங்கள். தூதரக அலுவலர்கள் வரிவிலக்கோடு கொண்டுவந்து பின்னர் கைமாறிய வண்டிகளில், செலுத்தாத சுங்க வரியைப் பற்றிய சிக்கல் இன்று யார் கையில் வண்டி இருக்கிறதோ அவரையும் தேடி வரலாம்.

2021ஆம் ஆண்டு விதி

2021 ஜூலையில் ஒன்றிய அரசு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனிப் பகுதியைச் சேர்த்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் அடங்கும். மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும்; சேஸிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. முன்பே பதிவுள்ள வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளைக் கொண்ட எண் கிடைக்கும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். வணிகத்துக்கோ அன்றாடப் பயணத்துக்கோ பயன்படுத்தலாகாது.

இந்த விதியை அந்த நாக்பூர் ஜீப்போடு சேர்த்துப் பாருங்கள். அதன் தாளில் இருந்த 1966 மஹிந்திரா, தன் சொந்த உருவில் இருந்திருந்தால் அதுவே 50 ஆண்டுகளைக் கடந்த விண்டேஜ் வாகனம். அதற்கும் மதிப்புண்டு, அதற்கும் வரலாறுண்டு. அதை 1942 வில்லிஸாக்கப் பார்த்ததால் அது வில்லிஸும் ஆகவில்லை, மஹிந்திராவாகவும் மிஞ்சவில்லை. பொய்யான பெருமைக்காக மெய்யான பழைமையை வெட்டி எறிந்திருந்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் விலையைப் பற்றியதன்று.

மற்ற வண்டிகள்

ஜீப்பைப் பற்றி அதிகம் எழுதிவிட்டேன். ஏனையவற்றுக்கும் ஓரிரு குறிப்புகள் தர வேண்டும்.

மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1970களின் முற்பகுதிவரை ஜாவா என்ற பெயரிலும், அதன்பின் 1996வரை யெஸ்டி என்ற பெயரிலும் மோட்டார் சைக்கிள் தயாரித்தது. ஜாவாவுக்கு விலை அதிகம். எனவே குரோம் பூசிய டேங்க்கும் பெயர்ச்சின்னமும் மாட்டி யெஸ்டியை ஜாவாவாக விற்பது வழக்கமாகிவிட்டது. ஆர்.சி.யில் 1982 என்று இருந்தால் டேங்க்கில் என்ன எழுதியிருந்தாலும் அது யெஸ்டிதான். இத்தனை எளிய சோதனையையும் செய்யாமல் வாங்குகிறார்கள் என்பதே வியப்பு.

ஸ்கூட்டர்களில் லாம்பிரெட்டாவுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். பம்பாயில் ஏ.பி.ஐ. நிறுவனம் தயாரித்தவையும், 1972இல் இத்தாலியின் இன்னோசென்டி ஆலையின் இயந்திரங்களையும் உரிமையையும் வாங்கி நிறுவிய லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா தயாரித்தவையும் நம் நாட்டில் ஏராளம். அவற்றை இத்தாலியத் தயாரிப்பு என்று காட்டுவதற்காகச் சட்ட எண்ணை மாற்றிக் குத்துவது அயல்நாட்டுச் சந்தைகளிலும் பேர் கெட்டுப்போன வழக்கம். வெளிப் பளபளப்புக்காகத் துருவின்மேல் பட்டி பூசி வண்ணம் அடித்த வண்டிகளும் அவற்றுள் மிகுதி. சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். தகட்டில் ஒட்டும் காந்தம் பட்டி கனத்த இடத்தில் வழுக்கி விழும்.

அம்பாசிடர் 1950களின் இறுதி முதல் 2014 வரை உத்தர்பாராவில் உருவம் பெரிதும் மாறாமல் வந்ததால், பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு காண்பது கடினம் என்று எண்ணுவோர் உண்டு. பானெட்டைத் திறந்தால் ஐயம் தீரும். முதல் தலைமுறைகளில் பி.எம்.சி. குடும்பத்து 1489 சி.சி. இன்ஜின், 1990களில் வந்த 1800இல் இசுசு இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும். 1962 அம்பாசிடர் என்று சொல்லும் காரில் இசுசு இன்ஜின் இருந்தால் ஓட்டுவதற்கு அது இனிமையாகத்தான் இருக்கும்; ஆனால் விண்டேஜ் விலை கொடுக்கும் இடம் அதுவன்று.

சமஸ்தானத்து ரோல்ஸ் ராய்ஸ் வாங்கும் வசதி நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு உண்டென்று தெரியாது. ஆயினும் அவற்றைச் சரிபார்ப்பதுதான் ஒருவகையில் எளிது. அக்காலத்து ஒவ்வொரு சேஸிஸும் யாருக்கு விற்கப்பட்டது, எந்த நிறுவனம் உடல் கட்டியது என்ற தொழிற்சாலைப் பதிவுகள் இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தில் பேணப்படுகின்றன; நகல் பெறலாம். மாரிஸ், ஆஸ்டின், எம்.ஜி. போன்ற பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கு கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பாரம்பரியச் சான்றிதழ் தருகிறது. தயாரான நாள், முதல் வண்ணம், இன்ஜின் எண், அனுப்பிய நாடு ஆகியவை அதில் கிடைக்கும். சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் பல லட்சம் ரூபாய் ஐயம் தீருமென்றால் தயங்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி

வழக்கமான வாகனக் கடன் திட்டங்களில் வண்டியின் வயதுக்கு வரம்பு உண்டு. விண்டேஜ் வண்டி அதில் அடங்குவது அரிது. அதற்காக வைப்பை முறிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. வைப்பின் பேரில் கடன் பெற்றால் வைப்பு நிற்கும். வண்டி கைகூடாவிட்டால் கடனை உடனே கட்டிவிடலாம். முன்பணம் கொடுக்கும்போது, எண்கள் ஒத்துப்போகாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பணம் வங்கி வழியாகவே செல்லட்டும். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அதைவிட முக்கியம், பின்னாளில் வழக்கு என்று வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று வங்கிக் கணக்குப் பதிவுதான்.

முதலீடாக எண்ணி வாங்குபவர்களுக்கு ஒரு வழக்கு பயன்படும். 1931ஆம் ஆண்டு ஃபோர்டு டூரர் ஒன்றை ஒருவர் 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிப் பின்னர் 21 லட்சம் ரூபாய்க்கு விற்றார். கார் என்பது சொந்தப் பயன்பாட்டுப் பொருள், அதன் லாபத்துக்கு வரியில்லை என்பது அவர் வாதம். காரைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ள முடியும் என்பது போதாது, உண்மையில் பயன்படுத்தியதற்குச் சான்று வேண்டும் என்று கூறி பம்பாய் உயர் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. பேரணியில் கலந்துகொண்ட ரசீது, பெட்ரோல் பில், பராமரிப்புச் செலவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அந்தக் கோப்பே அடுத்து வாங்குபவருக்கு வண்டியின் வரலாறாகவும் அமையும்.

காப்பீட்டில் ‘விண்டேஜ்’ என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள், 31.12.1940க்கு முன் தயாரித்து, விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சான்றளித்த காரையே விண்டேஜ் கார் என்றன. 1966 மாடல் வண்டி ஆர்.டி.ஓ. கணக்கில் விண்டேஜ், அந்தக் கணக்கில் இல்லை. ஐந்து ஆண்டுகளைக் கடந்த எந்த வண்டிக்கும் காப்பீட்டு மதிப்பு இரு தரப்பும் பேசி முடிவு செய்வதே. ஆகவே மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு சென்று, ஒத்துக்கொண்ட தொகை பாலிசியில் எழுத்தில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு அந்த 25,000 ரூபாய் திரும்பி வரவில்லை. இரண்டு முறை நேரில் சென்று கேட்டார். மூன்றாவது முறை விற்பவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. வைப்பு முறியாமல் அதன் நாளில் முதிர்ந்தது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, விதர்ப்பாவின் உட்பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் சி.ஜே. 3 பி ஒன்று இருப்பதாகத் தெரிந்து போய்ப் பார்த்தோம். உயர்ந்த பானெட், 7 இடைவெளிக் கிரில், ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி. வண்ணம் உதிர்ந்திருந்தது, அதன் அடியில் இன்னொரு வண்ணம் இல்லை. பென்சில் அச்சில் எல்லா இலக்கமும் ஒரே ஆழத்தில் வந்தன. உரிமையாளர் காலமாகிவிட்டதால் நான்கு வாரிசுகளின் கையொப்பம் வேண்டியிருந்தது, ஒருவர் வெளிநாட்டில். ஐந்து மாதங்கள் காத்திருந்தார். பெயர் மாறிய ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு வங்கிக்கு வந்து என் மேசைமேல் வைத்தார்.

“பச்சை அடித்து நட்சத்திரம் போடலாமா என்று பையன் கேட்கிறான், சார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்” என்றார்.